அறக்கோட்டம் சிறைக்கோட்டமான காதை

நம் இலக்கிய நண்பர்கள் ஐரோப்பா சென்று திரும்பினால் ஒரு பயணக் கட்டுரை உறுதி. அதில் ஒரு பழங்கோட்டையும் உறுதி. அந்தக் கோட்டை ஒரு காலத்தில் துறவியர் மடமாக இருந்தது என்னும் செய்தி மூன்றாவது பத்தியில், ஒரு பெருமூச்சின் துணையோடு, தவறாமல் வந்து சேரும். பிரான்சின் வடகரையில் கடல் சூழ நிற்கும் மோன் சேன் மிஷேல் பற்றி மட்டுமே இத்தகைய கட்டுரைகள் பலவற்றை நாம் வாசித்துவிட்டோம். 966இல் பெனடிக்ட் சபைத் துறவியர் அந்தப் பாறையில் குடியேறினர். நூறாண்டுப் போரில் அது ஆங்கிலேயரால் பிடிக்க முடியாத அரணாக நின்றது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் சிறைச்சாலையாயிற்று. பெரிய மரச் சக்கரம் ஒன்றினுள் கைதிகளை நடக்கவிட்டுக் கீழிருந்து பாரம் இழுத்தார்கள். 1863இல் சிறை மூடப்பட்டது. 1979இல் யுனெஸ்கோ அதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. மடம், அரண், சிறை ஆகிய மூன்று வாழ்வையும் அங்கே வருவோர்க்கு மறைக்காமல் காட்டுகிறார்கள். நண்பர்கள் வியக்கிறார்கள். வியக்கட்டும்.

நம் வழக்கு அந்த வியப்பின்மீது இல்லை. அதே நண்பர்கள் ஜி.என்.டி. சாலை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்கோ நெல்லூருக்கோ செல்லும்போது, மடம், அரண், சிறை என்னும் அதே மூன்று சொற்களையும் தன் பெயரோடு சுமந்து நிற்கும் ஓர் ஊரைச் சன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கடந்து போகிறார்களே, அதைப் பற்றித்தான் நமக்குப் பேச வேண்டியிருக்கிறது. அந்த ஊர் புழல்.

புழல் என்றதும் இன்று நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, 3,300 மில்லியன் கனஅடி கொள்ளளவு கொண்ட ஏரி. மழைக்காலத்தில் அதன் நீர்மட்டத்தைச் சென்னைவாசிகள் நாள்தோறும் செய்தித்தாளில் பார்த்துக்கொள்கிறார்கள். மற்றது, 2006இல் திறக்கப்பட்ட மத்தியச் சிறை. சென்ட்ரல் ரயில் நிலையத்தருகே இருந்த பழைய சிறையை மூடிவிட்டு நகரம் தன் கைதிகளை வடக்கே இங்கு அனுப்பிவைத்தது. தமிழ்த் திரைப்படங்களில் ‘புழல்’ என்ற சொல் இப்போது ஊரைக் குறிப்பதேயில்லை. ‘உள்ளே போவது’ என்பதற்கு மறுபெயர் அது. இவ்விரண்டையும் தவிர, 1990இல் ஈழத்திலிருந்து வந்தவர்களுக்காக அமைக்கப்பட்ட முகாம் ஒன்றும் அங்கு உண்டு. கும்மிடிப்பூண்டியில் இருப்பதைப் போன்றதுதான் அது. நகரத்துக்கு நீர் மட்டும் வேண்டும். மற்றவற்றை ஊருக்கு வெளியே வைத்துக்கொள்ளும்.

ஆனால் ஊருக்கு வெளியே என்பது இன்றைய கணக்கு. பழைய கணக்கில் இந்நிலப்பகுதியின் நடுவே இருந்தது புழல்தான். தொண்டைமண்டலத்தின் இருபத்துநான்கு கோட்டங்களுள் ஒன்று புழற்கோட்டம். பட்டினத்தாரும் வள்ளலாரும் நடந்த திருவொற்றியூரைக் கல்வெட்டுகள் புழற்கோட்டத்துத் திருவொற்றியூர் என்றே அடையாளம் சொல்லுகின்றன. சென்னை என்றொரு நகரம் இல்லாத காலத்தில் வடசென்னைக்கு முகவரி புழல். பிற்காலத்தில் அது திருவள்ளூர் மாவட்டத்து ஊராக இருந்தது. மாநகராட்சி விரிந்தபோது நகரத்துக்குள் இழுக்கப்பட்டது.

இந்தப் புழலில் ஒரு கோட்டை இருந்தது என்றும், அங்கே ஒரு சமணப் பள்ளி இருந்தது என்றும் நமக்குச் சொல்வது மெக்கன்சி தொகுப்பு. காலின் மெக்கன்சி (1754–1821) ஸ்காட்லாந்துக்காரர். 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனவர். நிலத்தை அளந்தவர் அத்தோடு நில்லாமல் நிலத்தின் கதைகளையும் எழுதி வாங்கினார். வாங்கிக் கொடுத்தவர்கள் காவலி வெங்கட போரய்யா, அவருடைய தம்பி லட்சுமய்யா, சமணப் பண்டிதரான தருமய்யா முதலிய நம்மவர்கள். (மெக்கன்சியின் பெயரைச் சொல்பவர்கள் இவர்களின் பெயரைச் சொல்வதில்லை என்பது தனியாக எழுதவேண்டிய வழக்கு.) அத்தொகுப்பிலுள்ள தொண்டைமண்டலக் கதைகளை வில்லியம் டெய்லர் ஆங்கிலத்தில் சுருக்கி அட்டவணையிட்டார். குஸ்டாவ் ஆப்பெர்ட் 1893இல் வெளியிட்ட தம் நூலில் அவற்றை விரித்துரைத்தார்.

கதை இது. தொண்டை நாடு காடாக இருந்த காலத்தில் குறும்பர் என்னும் மக்கள் அதைத் திருத்தி, இருபத்துநான்கு கோட்டங்களாக வகுத்து, அவற்றில் கோட்டைகள் கட்டினர். புழற்கோட்டை அவற்றுள் தலைமையானது. கமண்டக் குறும்பப் பிரபு என்பவனைத் தம் அரசனாக ஏற்றனர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரோடு கடல்வழி வாணிகம் செய்தனர். அப்போது ஒரு சமணத் துறவி வந்தார். அவர் உரை கேட்டு அவர்கள் சமணராயினர். அவர் பொருட்டுப் புழலில் ஒரு பள்ளி எழுந்தது. பிற்பாடு ஆதொண்டைச் சோழன் படையெடுத்து வந்தான். முதற்போரில் தோற்றுச் சோளிங்கருக்குப் பின்வாங்கினான். கனவில் சிவபெருமான் வெற்றியை உறுதி சொல்ல, மீண்டும் வந்து குறும்பர் அரசனைக் கொன்றான்; கோட்டையை அழித்தான்; அதன் வெண்கலக் கதவுகளைத் தஞ்சைக்கு அனுப்பினான். நாட்டில் வேளாளர்களைக் குடியேற்றினான்.

இது வரலாறா என்று கேட்பவர்களுக்கு நம் விடை நேரானது. இக்கதை எழுதி வாங்கப்பட்டது சொல்லப்படும் நிகழ்ச்சிக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து. கல்வெட்டு அறிந்த சோழன் முதலாம் ஆதித்தன். ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவன் தொண்டை நாட்டைப் பறித்தது அபராசிதன் என்னும் பல்லவனிடமிருந்து, குறும்பரிடமிருந்து அல்ல. ஆதொண்டை யாருடைய மகன் என்பதிலேயே கதைகள் ஒன்றுபடுவதில்லை. பல்லவரும் குறும்பரும் ஒருவரே என்று எழுதிய பழைய ஆய்வாளர்களும் இருந்தனர். ஆகவே ஆண்டையும் அரசனையும் இந்தக் கதையிலிருந்து பிழிந்தெடுக்க முயல்வது வீண். நமக்கு முக்கியமாகப் படுவது வேறு. வென்றவன் பக்கத்திலிருந்தே சொல்லப்பட்ட கதை, தான் அழித்த கோட்டையில் ஒரு பள்ளி இருந்தது என்பதை மறக்காமல் சொல்லிவைத்திருக்கிறது. இல்லாததைப் புனைந்து தன் வெற்றியைச் சிக்கலாக்கிக்கொள்ள எந்தப் புராணிகருக்கும் தேவையில்லை.

இனி திருமுல்லைவாயில். ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் இடையிலுள்ள இவ்வூரின் மாசிலாமணீசுவரர் கோயில் தலபுராணம் இதே போரைத் தன் பக்கத்திலிருந்து சொல்கிறது. குறும்பரோடு பொருதுவந்த தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் சிக்க, அதை வாளால் அரிய, உள்ளே இருந்த இலிங்கத்தில் குருதி பெருகிற்று. இறைவன் வெளிப்பட்டு நந்தியைத் துணைக்கு அனுப்பினார். அதனால்தான் அங்கே நந்தி இறைவனை நோக்காமல் கிழக்கு நோக்கியிருக்கிறது என்பர். வெற்றியின் அடையாளமாகப் புழற்கோட்டையிலிருந்து கொண்டுவரப்பட்டவை என்று கருவறை வாயிலில் இரண்டு எருக்கந்தூண்களைக் காட்டுகிறார்கள். எருக்கு என்பது நம் பக்கத்துத் தரிசிலெல்லாம் முளைக்கும் செடி. அது தூணாகுமளவு தடிக்குமா என்ற ஐயம் எவர்க்கும் எழும். வெள்ளெருக்கு முதிர்ந்தால் தடிக்கும் என்று ஊரார் சொல்வார்கள். அதைத் தாவரவியலாரிடம் விட்டுவிடுவோம்.

ஆனால் இலக்கிய வாசகன் கவனிக்கவேண்டிய ஒன்று இங்கு உண்டு. எட்டாம் நூற்றாண்டினரான சுந்தரர் இத்தலத்தைப் பாடியிருக்கிறார். தொண்டைமானின் களிறு முல்லையால் கட்டுண்டதையும், இறைவன் அவனுக்கு வெளிப்பட்டு அருளியதையும் அப்பதிகம் சொல்லுகிறது. குறும்பரையோ புழலையோ எருக்கந்தூணையோ அது சொல்லவில்லை. பக்தனுக்கும் கடவுளுக்கும் இடையே ஒரு முல்லைக்கொடியின் அளவில் நடந்து முடிந்த நிகழ்ச்சி, பிற்காலத்தில்தான் ஒரு மக்களினத்தைத் தோற்கடித்த வெற்றிக்கதையாக வளர்ந்திருக்கிறது. சமய மாணவர்க்கு இந்த இடைவெளி பெரும்பொருள். நம் தமிழ்த் துறைகளில் எத்தனை வகுப்புகளில் இதைக் காட்டி நடத்துகிறார்கள்? பதிகத்தை ஒரு தாளிலும் தலபுராணத்தை வேறு தாளிலும் வைத்து, இரண்டையும் மனப்பாடம் செய்யச் சொல்லி, இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தைத் தேர்வுக்கு வராத பகுதியாக்கிவிட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு முதுகலை மாணவர்களைப் புழலுக்கும் முல்லைவாயிலுக்கும் அழைத்துச் செல்ல நாங்கள் விரும்பினோம். அனுமதி கோரியபோது நிர்வாகத் தரப்பில் கேட்கப்பட்ட கேள்வி: “அங்கே பார்க்க என்ன இருக்கிறது?” திருச்சி மலைக்கோட்டைக்கு என்றால் இரண்டு பேருந்து தருவதாகச் சொன்னார்கள். பழவேற்காடு என்றாலும் ஆட்சேபம் இல்லை. அங்கே மீன் கிடைக்கும்.

பழவேற்காட்டையும் ஒரு சொல் சொல்லிவிடவேண்டும். நம் மாவட்டத்தில் ‘கோட்டை பார்க்க’ப் போகிறவர்கள் போவது அங்கேதான். டச்சுக்காரர் 1613இல் எழுப்பிய கெல்டிரியா கோட்டை. சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக 1690 வரை இருந்தது. துணியும் வெடிமருந்தும் மட்டுமல்ல, மனிதர்களும் அந்தத் துறையிலிருந்து பத்தேவியாவுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதைத் தகர்த்தனர். இன்று அங்கு போனால் காண்பது சீமைக்கருவேலம் மண்டிய மேடு. அருகிலுள்ள டச்சுக் கல்லறைத் தோட்டமோ வேலியிட்டு, வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களோடு, கருத்தாகப் பேணப்படுகிறது. அந்நியரின் எலும்புக்குக் காவல் போடும் நாம், அங்கிருந்து ஏற்றுமதியான நம்மவர்களுக்காக ஒரு பலகையையாவது நட்டோமா என்று பார்த்தால் பதில் தெரியும். ஆனாலும் பழவேற்காட்டில் கல் இருக்கிறது. கல் இருப்பதால் கூட்டம் வருகிறது. புழலில் அதுவும் இல்லை.

திருச்சிக்கே வருவோம். கல் மலிந்த இடத்திலும் நாம் எதைப் பார்க்கிறோம்? ஊர்ப் பெயரே பள்ளி. சிராப்பள்ளி. மலையின் மேல்பகுதியில் ஒதுக்குப்புறமான குகைத்தளத்தில் சமணத் துறவியர் கிடந்த கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றையொட்டிய பழைய எழுத்துகளில் சிரா என்னும் பெயர் வருவதை அறிஞர்கள் எடுத்துக்காட்டி, ஊர்ப் பெயருக்கு அதுவே மூலம் என்று வாதிட்டிருக்கிறார்கள். பின்னர் மகேந்திரவர்மன் அதே மலையில் குடைவரை எடுத்தான். மாற்று நெறியிலிருந்து மீண்டதாக அவன் அங்கே வடமொழியில் பொறித்துவைத்த செய்தியை ஹூல்ட்ஸ் 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியிலேயே பதிப்பித்துவிட்டார். அதற்கும் பின்னர் நாயக்கர்கள் மதிலெழுப்பிக் கோட்டையாக்கினர்; பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதைச் சுற்றிச் சண்டையிட்டனர். பள்ளி கோட்டையான கதைக்கு இதைவிடத் துலக்கமான சான்று தமிழகத்தில் வேறில்லை. நம் சுற்றுலாக் குழுக்களோ பிள்ளையாரைக் கும்பிட்டு, காவிரியைப் படமெடுத்து, மூன்று தலை அரக்கன் திரிசிரன் பூசித்ததால் திரிசிரபுரம் என்று வழிகாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டு இறங்கிவிடுகின்றன. படுக்கைகள் ஒரு பக்கமாய், கேட்பாரற்றுக் கிடக்கின்றன. பெயரில் உள்ள பள்ளியைத் துடைக்க ஓர் அரக்கன் தேவைப்பட்டான், அவனையும் செய்துகொண்டோம்.

ஆக, ‘பார்க்க என்ன இருக்கிறது’ என்ற கேள்வி புழலைப் பற்றியதன்று. பார்க்கும் பழக்கமே இல்லாதவர்கள் கேட்கும் கேள்வி அது. இத்தனைக்கும் தமிழ் படித்தவனுக்குப் புழலில் மதில் ஏன் இல்லை என்பது விளங்காத புதிரல்ல. பகைவர் அரணை அழித்துக் கழுதைகளை ஏரில் பூட்டி உழுவதையும், உழுத இடத்தில் வெள்வரகும் கொள்ளும் விதைப்பதையும் புறநானூற்றுப் புலவர்கள் தம் புரவலரின் புகழாகவே பாடியிருக்கிறார்கள். இருந்த இடம் தெரியாமல் செய்வதே நம் பழைய வெற்றியின் இலக்கணம். அந்த இலக்கணத்தை மேடையில் முழங்கிக் கைதட்டு வாங்கிவிட்டு, கல் எங்கே, மதில் எங்கே என்று கேட்பது என்ன நியாயம்?

பள்ளிகள் என்னவாயின என்பதையும் நம் நூல்கள் மறைக்கவில்லை. சேக்கிழாரே சொல்கிறார். திருநாவுக்கரசரின் அற்புதங்களைக் கண்டு மனம் மாறிய பல்லவன், பாடலிபுத்திரத்திலிருந்த அமணர் பள்ளிகளை இடித்து, அந்தப் பொருளைக் கொண்டுவந்து திருவதிகையில் குணதரவீச்சரம் எடுத்தான். தண்டியடிகள் வரலாற்றில் திருவாரூர்க் குளக்கரைப் பள்ளிகளும் பாழிகளும் இடிக்கப்பட்டுக் குளம் விரிவாக்கப்படுகிறது. திருமங்கையாழ்வார் நாகப்பட்டினத்துப் பொற்புத்தரைக் கவர்ந்து வந்து திருவரங்கத்து மதில் கட்டினார் என்று குருபரம்பரை பெருமையோடு உரைக்கிறது. ஒரு மடத்தின் பொன் ஒரு மதிலாக மாறியது என்பது இங்கே குற்றச்சாட்டன்று; பக்தியின் சாதனை. இவற்றையெல்லாம் நாம் கண்டுபிடித்துச் சொல்லவேண்டிய நிலையில்லை. பாடத்திட்டத்தில் இருக்கின்றன. ஆண்டுதோறும் நடத்துகிறோம். சந்தத்தையும் அணியையும் விளக்கிவிட்டு, இடிந்தது என்ன என்று கேட்காமல் அடுத்த பாட்டுக்குப் போகிறோம்.

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர் நெளிவார்கள். பழைய புண்ணைக் கிளறாதீர்கள் என்பார்கள். நாம் கிளறுவது புண்ணை அல்ல, சொல்லை. ‘குறும்பு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அதற்கு அரண் என்றும் பொருள் தருகிறது. சிற்றரசரையும் அது குறிக்கும். குறும்பர் என்பார் அரணுடையார். இன்று குழந்தையை அதட்டும்போது மட்டும் அந்தச் சொல் நம் வாயில் வருகிறது. ‘அம்மணம்’ என்னும் சொல்லுக்குள் அமணர் இருக்கிறார் என்று அகராதியாளர் சொல்வர். ‘பள்ளி’ மட்டும் தப்பிப் பிழைத்தது. துறவியர் தங்கிக் கற்பித்த இடம், பிள்ளைகள் கற்கும் இடமாயிற்று. தொழுகைக்கான இடமும் பள்ளிவாசலாயிற்று. நாள்தோறும் காலையில் நாம் பிள்ளைகளை அனுப்பும் இடத்துக்கு யார் பெயரை வைத்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்வதால் எந்தப் புண் திறந்துகொள்ளும்?

எதிர்த்திசையிலிருந்து வருகிற நண்பர்களும் உண்டு. அவர்களுக்குப் புழல் ஒரு பட்டா நிலம். குறும்பர் எங்கள் முன்னோர், நாங்களே இந்நாட்டின் முதல் அரசர் என்று ஒரு துண்டறிக்கை; ஆதொண்டையோடு வந்தவர்கள் நாங்கள், நாட்டைத் திருத்தியவர்கள் நாங்கள் என்று அதற்கு மறுப்பாக ஒரு துண்டறிக்கை. இரண்டும் ஒரே மெக்கன்சி சுவடியிலிருந்து தமக்கு வேண்டிய பக்கத்தைக் கிழித்துக்கொள்கின்றன. இரண்டிலும் அந்தத் துறவி இல்லை. பட்டயப் பெருமைக்கு அரசன் வேண்டும், கோட்டை வேண்டும், வெண்கலக் கதவு வேண்டும். உண்ணாநோன்பும் கொல்லாமையும் பேசிக்கொண்டு வெறுங்காலோடு நடந்து வந்தவனை வைத்து எந்தச் சாதி மாநாடு நடத்துவது? சுவடிக் கதையில் நம்மை நிறுத்துவது அவன்தான். கோட்டை கட்டி வாணிகம் செய்து செழித்திருந்த ஒரு கூட்டம், வழிப்போக்கனாய் வந்த ஒருவனிடம் செவி கொடுத்தது என்ற செய்தி, அவர்கள் தோற்றார்கள் என்ற செய்தியைவிடப் பெரிது.

இவ்வளவுக்குப் பிறகும் புழலில் பார்க்க ஒன்று இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. கோட்டை போயிற்று, ஆதிநாதர் இருக்கிறார். முதல் தீர்த்தங்கரரின் அந்தக் கோயில் இன்று கேசர்வாடி என்ற பெயரோடு, வடநாட்டிலிருந்து வந்து சென்னையில் வாழும் சமணர்களால் நன்றாகப் பேணப்படுகிறது. சலவைக்கல்லும் புதுமெருகுமாய் இருப்பதால் ‘பழமை’ தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் கொடுக்கும். நமக்கு ஏமாற்றம் வேறிடத்தில். அங்கு தமிழ் மாணவர்கள் வருவதில்லை. அது சௌகார்பேட்டைக்காரர்களின் கோயில் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சீவக சிந்தாமணியைத் தந்தவர்களும், நாலடியாரையும் நன்னூலையும் தந்தவர்களும் யார் என்று வகுப்பில் கேட்டால் ‘சமணர்’ என்று இரண்டு மதிப்பெண்ணுக்கு விடை எழுதும் மாணவன், சமணர் என்றால் வட்டிக்கடைக்காரர் என்றே வெளியில் அறிந்திருக்கிறான். தமிழ்ச் சமணர் என்று ஒரு சமூகம் வந்தவாசிப் பக்கமும் செஞ்சிப் பக்கமும் இன்றும் உழுது பயிரிட்டு வாழ்கிறது என்பதை நம் மாணவர்களுக்குச் சொல்லும்போது அவர்கள் நம்புவதற்கே சற்று நேரமாகிறது. உ.வே.சா. 1887இல் சிந்தாமணியைப் பதிப்பித்தது கும்பகோணத்துச் சமணர்களிடம் போய் உட்கார்ந்து பாடம் கேட்டபின்தான். அவர் தெருவைக் கடந்து போனார். நாம் இன்னும் கடக்கவில்லை.

நாங்கள் பின்னர் ஒரு விடுமுறை நாளில், கல்லூரிப் பேருந்து இல்லாமல், விருப்பமுள்ள மாணவர்களோடு போய்வந்தோம். பொன்னேரி, மீஞ்சூர், கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டிப் பிள்ளைகள். பலருடைய பெற்றோர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளர். முகாமிலிருந்து வருகிறவர்களும் உண்டு. தம் ஊரைப் பற்றி இலக்கியத்தில் எதுவும் இல்லை என்று உறுதியாக நம்பும் பிள்ளைகள் அவர்கள். மதுரைக்குச் சங்கம் இருக்கிறது, தஞ்சைக்குக் கோயில் இருக்கிறது, தமக்கு உருக்காலைப் புகையும் லாரியும் இருக்கின்றன என்பது அவர்களது கணக்கு. இதில் பாதிப் பழி நம்மைப் போன்ற ஆசிரியர்களுடையது. சிராப்பள்ளியைத் திரிசிரபுரம் ஆக்கியதைப் போலவே இந்த மாவட்டத்தைத் ‘தொழிற்பேட்டை’ ஆக்கி முடித்துவிட்டோம். ஏரிக்கரையில் நின்று கோட்டத்தின் கதையைச் சொன்னபோது ஒரு மாணவி கேட்டாள்: “ஐயா, கோட்டம்னா ஜெயிலா, கோயிலா?”

அந்தக் கேள்விக்குத் தமிழ் இலக்கியமே விடை வைத்திருக்கிறது. கோட்டம் என்றால் நாட்டுப் பிரிவு, கோயில், சிறை, வளைவு என்றும் பொருள். அரசு துறந்த இளங்கோ இருந்த இடத்தைச் சிலப்பதிகாரப் பதிகம் குணவாயிற் கோட்டம் என்கிறது. அது துறவியர் இடம். மணிமேகலையின் பத்தொன்பதாம் காதைக்குப் பெயரே ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை’. அமுதசுரபியோடு சிறைக்குள் நுழைந்து கைதிகளின் பசி தீர்த்த பெண்ணை அரசன் அழைத்து, என்ன வேண்டும் என்று கேட்கிறான். அவள் நிலமோ பொன்னோ கேட்கவில்லை. சிறையை அறச்சாலையாக்கித் தரக் கேட்கிறாள். அரசனும் அவ்வாறே செய்கிறான். உலக இலக்கியத்தில் ஒரு காப்பியம் தன் நாயகியின் உச்சச் செயலாக இதை வைத்தது வேறெங்கும் உண்டா என்று நாம் தேடிக்கொண்டிருக்கிறோம். புழலில் நடந்திருப்பது அக்காதையின் மறுதலை. பள்ளியின் ஊர் சிறையின் ஊராயிற்று. சிறை வேண்டாம் என்று எழுதவில்லை நாம். நகரத்துக்கு அது வேண்டியிருக்கிறது, எங்கேயாவது இருந்துதானே ஆகவேண்டும். ஆனால் ஊர்ப் பெயரின் மற்றப் பொருள்களையெல்லாம் அந்த ஒரு பொருள் விழுங்க விட்டது யார்? மோன் சேன் மிஷேலைச் சிறை என்று மட்டும் சொல்லிவிட்டு எந்தப் பிரெஞ்சு ஆசிரியராவது வகுப்பை முடிப்பாரா?

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. மெக்கன்சி சுவடிகளில் தொண்டைமண்டலம் பற்றியவற்றைக் குறிப்புரையோடு, மாணவன் வாங்கும் விலையில், ஒரே சிறு நூலாக யாராவது அச்சிடவேண்டும். சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. பல்கலைக்கழகங்களில் ஆய்வேடு எழுதத் தலைப்புக் கிடைக்காமல் தவிக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். அந்தாதிகளில் உவமை நயம் என்னும் நூற்றுப் பதினோராவது ஆய்வேட்டை ஓராண்டு தள்ளிப்போட்டால் தமிழன்னை கோபித்துக்கொள்ள மாட்டாள். புழல் ஏரிக்கரையில் ஒரு பலகை நடலாம்: புழற்கோட்டத்தின் தலைமையூர் இது, இங்கே கோட்டையும் பள்ளியும் இருந்தன என்று பழங்கதை சொல்கிறது, ஆதிநாதர் கோயில் இந்தத் திசையில். ஆண்டுக் கணக்கு எதுவும் வேண்டாம். இரண்டாயிரம் ஆண்டு, மூவாயிரம் ஆண்டு என்று ஏலம் கூறுவதை நாம் ஏற்கவில்லை.

பலகை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவர்களுக்கு ஒரு நாள் போதும். செங்குன்றம் செல்லும் பேருந்தில் ஏறிப் புழலில் இறங்கினால் காலைக்குள் ஆதிநாதரைப் பார்த்துவிடலாம்; உள்ளே தோல்பொருள் கொண்டுபோகக் கூடாது. ஏரிக்கரையில் வெயில் ஏறுவதற்குள் மணிமேகலையின் பத்தொன்பதாம் காதையை வாய்விட்டு ஒருமுறை வாசித்துவிடலாம். பிற்பகலில் அம்பத்தூர் வழியாகத் திருமுல்லைவாயில். கோயில் மாலையில் திறக்கும். எருக்கந்தூண்கள் கருவறை வாயிலின் இரு பக்கமும் நிற்கின்றன. விளக்கு வெளிச்சத்தில் கூர்ந்து பார்க்கவேண்டும்.